ஹாம் ரேடியோ டவருக்கு அஸ்திவாரம்: குழி தோண்டுவதிலிருந்து கான்கிரீட் இறுகும் வரை

ஹாம் ரேடியோ என்ற பொழுதுபோக்கு வானொலித் தொடர்புக்கான ஆன்டெனாவைத் தாங்கும் டவரில் எந்தப் பாகம் கெட்டாலும் மாற்றிவிடலாம். போல்ட் துருப்பிடித்தால் புதிது போடலாம், ஆன்டெனாவைத் திருப்பும் ரோட்டர் சிக்கினால் இறக்கிப் பார்க்கலாம், டவரைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி தளர்ந்தால் மறுபடி இழுத்துக் கட்டலாம். அஸ்திவாரத்தில் அந்த வசதி கிடையாது. கான்கிரீட் இறுகிய பிறகு உள்ளே கோணலாக நிற்கும் காலையோ, மண்ணில் உரசிக்கொண்டிருக்கும் கம்பியையோ யாராலும் சரிசெய்ய முடியாது. அதனால் வேலையின் முக்கால் பங்கு, கலவை வண்டி வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதியும் அந்த முக்கால் பங்கைப் பற்றியதுதான்.

டவர் செய்த நிறுவனம் அஸ்திவார வரைபடம் தந்திருந்தால் அதிலுள்ள அளவில் ஒரு அங்குலம்கூடக் குறைக்காதீர்கள். பழைய டவரை வரைபடம் இல்லாமல் வாங்கியிருந்தால் ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் கணக்குப் போட்டு வாங்குங்கள். கீழே வரும் கணக்கு அதற்கு மாற்று அல்ல. பொறியாளர் சொல்லும் அளவு ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று புரிந்துகொள்வதற்கு.

கான்கிரீட் கட்டி எவ்வளவு பெரிது, ஏன்

ஸ்டே கம்பி இல்லாமல் தானே நிற்கும் டவரின் அஸ்திவாரம், டவரின் எடையைத் தாங்குவதற்காகப் போடப்படுவது அல்ல. அந்த எடை சில நூறு கிலோதான். காற்று டவரைச் சாய்க்கப் பார்க்கும்போது கவிழாமல் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை.

காற்றின் அழுத்தம், வேகத்தின் வர்க்கத்தை 0.613 ஆல் பெருக்கினால் கிடைக்கும். வேகம் வினாடிக்கு 40 மீட்டர் (மணிக்கு 144 கி.மீ.) என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 980 நியூட்டன். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். 20 மீட்டர் டவரின் உச்சியில் ஆன்டெனாவின் காற்றுப் பரப்பு 1 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டவரின் உடல் மீட்டருக்கு 0.2 சதுர மீட்டர் வீதம் மொத்தம் 4 சதுர மீட்டர். ஆன்டெனா தரும் கவிழ்ப்பு விசை (காற்று விசையை உயரத்தால் பெருக்கியது) 19.6 கிலோநியூட்டன்-மீட்டர். டவரின் உடல் தருவது, அதன் நடு உயரமான 10 மீட்டரால் பெருக்கினால், 39.2. ஆன்டெனாவை விட டவரின் உடல்தான் இரு மடங்கு கவிழ்ப்பு விசை தருகிறது என்பதைக் கவனியுங்கள். சின்ன ஆன்டெனாதானே என்று அஸ்திவாரத்தைக் குறைப்பவர்கள் மறப்பது இதைத்தான்.

இரண்டும் சேர்ந்து தரைமட்டத்தில் 58.8. ஆனால் கட்டி கவிழ்வது தரைமட்டத்தில் அல்ல, அதன் அடி ஓரத்தில். குழி 1.5 மீட்டர் ஆழம் என்றால் மொத்தக் காற்று விசையான 4.9 கிலோநியூட்டன் இன்னும் 1.5 மீட்டர் நெம்பு நீளம் பெறுகிறது. அதையும் சேர்த்தால் 66.

இதற்கு எதிராக 1.5 மீட்டர் கனசதுரக் கட்டி என்ன தரும்? 3.375 கனமீட்டர், கனமீட்டருக்கு 2,400 கிலோ வீதம் 8.1 டன். அந்த எடை அரை அகலமான 0.75 மீட்டரில் செயல்பட்டு 59.6 தரும். போதாது. அகலத்தை மட்டும் 1.8 மீட்டராக்கினால் 4.86 கனமீட்டர், 11.7 டன், எதிர்ப்பு 103. இப்போது 1.55 மடங்கு பாதுகாப்பு கிடைக்கிறது. அகலம் கூடும்போது எடையும் கூடுகிறது, நெம்பு நீளமும் கூடுகிறது. அதனால்தான் ஆழத்தைக் கூட்டுவதை விட அகலத்தைக் கூட்டுவது அதிகப் பலன் தருகிறது.

இது எடையை மட்டும் நம்பிய கணக்கு. உங்கள் வரைபடத்தில் கட்டி இதைவிடச் சிறிதாக இருந்தால், பக்கவாட்டு மண் தரும் எதிர்ப்பையும் அவர்கள் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த எதிர்ப்பு கிடைக்க, குழியின் சுவர் கலைக்கப்படாத இயற்கை மண்ணாக இருக்க வேண்டும். தோண்டும் முறையில் இவ்வளவு கண்டிப்பு காட்டுவதற்குக் காரணம் அதுதான்.

மண்ணும் தண்ணீரும்

மேலே சொன்ன 1.8 மீட்டர் கட்டியின் மேல் புயல்காற்று அடிக்கும்போது, காற்றுக்கு மறுபுறமுள்ள அடி ஓரத்தில் மண்ணின் மேல் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 13 டன் வரை ஏறும். கெட்டியான களிமண் தாங்கும், இறுகிய சரளை மண் தாங்கும். இளகிய களிமண் அமுங்கிப்போகும். டவர் விழாமல் சாய்ந்து நின்றுவிடும், அப்புறம் நிமிராது.

மண்ணைச் சோதிக்கக் குழி போடும் இடத்துக்கு அருகில் ஒரு சிறு சோதனைத் துளையை முழு ஆழத்துக்கு இறக்குங்கள். அடியிலிருந்து கலையாத ஒரு கட்டி எடுத்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள். லேசாக அழுத்தினாலே உருமாறினால் அது மென்களி, வரைபடத்தின் அளவு அங்கே செல்லாது. பலமாக அழுத்தினால் மட்டும் பள்ளம் விழுந்தால் நல்லது. நகம் மட்டுமே கீறல் போட்டால் மிக நல்லது. செங்கல் துண்டு, பிளாஸ்டிக், கரி என்று கிடைத்தால் அது கொட்டி நிரப்பிய மண். அதற்கும் கீழே இயற்கை மண் வரும்வரை போக வேண்டும், இல்லாவிட்டால் இடத்தை மாற்ற வேண்டும். ஈரத்தில் உப்பி வெயிலில் வெடிக்கும் கரிசல் மண்ணிலும், பாறையிலும் சாதாரண வரைபடம் உதவாது. பொறியாளர் பார்த்தே ஆக வேண்டும். நிலம் உறையும் குளிர்ப் பகுதிகளில் அடிமட்டம் உறைபனி ஆழத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

சோதனைத் துளையை ஒரு இரவு அப்படியே விட்டுக் காலையில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் தரைவரை ஏறினால் கட்டி தண்ணீரில் மூழ்கும், கனமீட்டருக்கு 1,000 கிலோ மிதப்பாகக் கழிந்துவிடும். 2,400 கிலோ 1,400 ஆகிறது. 103 ஆக இருந்த நம் எதிர்ப்பு 60 ஆகிவிடும். கவிழ்ப்பு விசையோ 66. புயலும் வெள்ளமும் ஒன்றாக வரும் என்பதால் இதை அலட்சியப்படுத்தவே கூடாது.

இடம் குறித்தல்

பூமிக்கடியில் மின்கேபிள், எரிவாயுக் குழாய், தண்ணீர்க் குழாய், கழிவுத் தொட்டி எங்கே இருக்கின்றன என்று உரியவர்களிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். மேலே செல்லும் மின்கம்பி, டவரின் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் இருந்தால் அந்த இடம் வேண்டாம். டவர் சாய்ந்தாலும், தூக்கி நிறுத்தும்போது வழுக்கினாலும் கம்பியைத் தொடக்கூடாது.

நாலு மூலையில் ஆணி அடித்து நூல் கட்டினால் மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பாருங்கள். 1.8 மீட்டர் சதுரத்துக்கு இரண்டும் 2.546 மீட்டர் வர வேண்டும். பிறகு குழியிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, எதிரெதிராக நாலு குச்சிகள் அடியுங்கள். அவற்றுக்கு இடையே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு நூல்கள் கட்டினால் அவை சந்திக்கும் புள்ளிதான் டவரின் மையம். தோண்டும்போது நடுக்குறி போய்விடும், இந்தக் குச்சிகள் நிற்கும்.

திசையையும் இப்போதே முடிவு செய்யுங்கள். முக்கோண டவருக்கு ஸ்டே கம்பி உண்டென்றால் ஒவ்வொரு காலும் ஒரு நங்கூரத்தை (ஸ்டே கம்பியைத் தரையில் பிடிக்கும் கட்டியை) பார்க்க வேண்டும். கீல் வைத்துச் சாய்க்கும் டவர் என்றால், படுக்க வைக்க முழு நீளத்துக்கு இடம் இருக்கும் பக்கமாகக் கீல் அமைய வேண்டும். அடித்தட்டை 30 டிகிரி திருப்பிப் போட்டுவிட்டு, டவர் வீட்டுச் சுவர் மேல் சாயும் என்று பிறகு கண்டுபிடிப்பது அரிதான தவறு அல்ல.

தோண்டுதல்

சுவர்கள் செங்குத்தாக, அடி சமதளமாக, மூலைகள் கூர்மையாக வர வேண்டும். கையால் தோண்டினால் குழி இயல்பாகவே மேலே அகன்று கீழே குறுகிப் புனல் போல ஆகிவிடும். அது இரண்டு வகையில் கெடுதல். அடியில் அகலம் குறைந்தால் மேலே போட்ட கணக்கு முழுவதும் பொய்யாகும். உறைபனி உள்ள ஊர்களில், மேலே பருத்த கட்டியைப் பனி பிடித்துத் தூக்கும். எனவே அரை மீட்டருக்கு ஒரு முறை தூக்குக்குண்டு விட்டு நாலு சுவரையும் பாருங்கள். தவறுவதானால் அடி அகன்று போகட்டும், மேல் அகலக் கூடாது.

இயந்திரம் வைத்துத் தோண்டினால் கடைசி 15 செ.மீ.யைக் கையால் எடுங்கள். வாளியின் பற்கள் அடிமண்ணைக் கிளறிவிடும். கிளறிய மண்ணின் மேல் கான்கிரீட் போட்டால் அது மெத்தை போல அமுங்கும். ஆழம் தவறுதலாகக் கூடிவிட்டால் மண்ணைத் திரும்பக் கொட்டித் திமிசு அடிக்காதீர்கள். கூடுதல் ஆழத்தைக் கான்கிரீட்டாலேயே நிரப்புங்கள். சுவரில் எங்காவது மண் சரிந்து குடைவு விழுந்தாலும் அப்படியே.

தோண்டிய மண் கால் பங்குக்கு மேல் உப்பும். 4.86 கனமீட்டர் குழியிலிருந்து ஆறு கனமீட்டருக்கு மேல் குவியும். அந்தக் குவியலை விளிம்பிலிருந்து குறைந்தது 60 செ.மீ. தள்ளிக் கொட்டுங்கள். கலவை வண்டி எந்த வழியில் வரும் என்று யோசித்துவிட்டு, அதற்கு எதிர்ப்பக்கத்தில்.

ஒரு கனமீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. இடுப்பளவு சரிந்தாலே ஆளால் வெளியே வர முடியாது, மார்பளவு என்றால் மூச்சு விட முடியாது. 1.2 மீட்டர் ஆழத்தைத் தாண்டினால் குழிக்குள் ஏணி வேண்டும். 1.5 மீட்டரை நெருங்கினால் பலகை முட்டுக் கொடுக்க வேண்டும். மணற்பாங்கான இடத்திலும் மழைக்குப் பிறகும் அதற்கு முன்பே. உள்ளே ஆள் இருக்கும் நேரமெல்லாம் மேலே ஒருவர் நிற்க வேண்டும். இரவில் மூடி வைக்கப் பலகையும் சுற்றிலும் கயிறும் போடுங்கள். குழந்தைகளும் நாய்களும் குழியைப் பார்க்காமல் போவதில்லை.

குழியைத் தோண்டிவிட்டு நாள்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். சுவர் வெயிலில் காய்ந்து உதிரும், மழையில் கரையும். கம்பிக் கூட்டை முதலில் கட்டி வைத்துவிட்டுத் தோண்டுவதே நல்ல வரிசை.

கம்பிக் கூடு

கான்கிரீட் நசுக்கலைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. காற்று டவரைச் சாய்க்கும்போது ஒரு பக்கக் கால்கள் கட்டியை மேல்நோக்கி இழுக்கின்றன. அந்த இழுப்பைக் கம்பிதான் வாங்கிக்கொள்கிறது.

மண்ணோடு நேரடியாகத் தொடும் கான்கிரீட்டில், கம்பிக்கும் மண்ணுக்கும் நடுவே 75 மி.மீ. கவர் வேண்டும். 1.8 மீட்டர் குழிக்குக் கூடு 1.65 மீட்டர், உயரம் 1.35 மீட்டர். உதாரணத்துக்கு, செங்குத்தாக 16 மி.மீ. கம்பி 200 மி.மீ. இடைவெளியில் 32. சுற்றிலும் 12 மி.மீ. வளையம் 8, ஒவ்வொன்றிலும் முனைகள் 600 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். அடியிலும் மேலேயும் 12 மி.மீ. கம்பியில் வலை ஒன்று. மேல் வலையில் டவரின் கால்களுக்கு வழி விட்டுக் கட்டுங்கள். எடையை மதிப்பிட, விட்டத்தின் வர்க்கத்தை 162 ஆல் வகுத்தால் மீட்டருக்குக் கிலோ வரும். 16 மி.மீ.க்கு 1.58, 12 மி.மீ.க்கு 0.89. மொத்தம் சுமார் 200 கிலோ. இரண்டு பேரால் தூக்கி இறக்க முடியாது என்பதால், முக்காலியும் செயின் பிளாக்கும் தயாராக வைக்கவும் அல்லது குழிக்குள்ளேயே கட்டவும்.

கூட்டைச் செங்கல் துண்டின் மேலோ மரக்கட்டையின் மேலோ உட்கார வைக்கக் கூடாது. செங்கல் தண்ணீரை உறிஞ்சிக் கம்பி வரை கொண்டுபோகும், மரம் மக்கி வழி விடும். கான்கிரீட் கவர் பிளாக் போடுங்கள். பக்கவாட்டிலும் கட்டுங்கள், ஏனென்றால் ஊற்றும்போது கூடு ஒரு பக்கமாக நகரும். அடியில் 50 மி.மீ. பி.சி.சி. (கம்பி இல்லாத வெறும் கான்கிரீட்) போட்டுவிட்டால் சேறு இல்லாமல் சுத்தமாக நின்று வேலை செய்யலாம். கால்கள் நேரடியாகப் பதியும் வகை என்றால் மூன்று காலும் இறங்கும் இடத்தை மட்டும் பி.சி.சி. போடாமல் விடுங்கள். காரணம் அடுத்து வருகிறது.

கால்களும் போல்ட்டுகளும்

டவரின் அடிப்பகுதியை நேரடியாகக் கான்கிரீட்டில் பதிப்பது ஒரு முறை. குழாய்க் கால்களுக்குள் மழைநீரும் உட்சுவரில் வியர்க்கும் ஈரமும் எப்படியும் இறங்கும். அதற்கு வெளியேறும் வழி வேண்டும். கால்களின் அடிமுனை 10 முதல் 15 செ.மீ. ஜல்லிப் படுகைக்குள் நிற்க வேண்டும், முனைக்குள் கான்கிரீட் புகாதபடி டேப் சுற்ற வேண்டும். அடைபட்ட காலில் தண்ணீர் தேங்கி உள்ளிருந்து துருப்பிடிக்கும். குளிர்ப் பகுதியில் அது உறைந்து விரிந்து குழாயையே பிளந்துவிடும். வெளியே துத்தநாகப் பூச்சு பளபளவென்று இருக்கும், உள்ளே சுவர் காகிதமாகியிருக்கும்.

அடிப்பகுதியை மட்டும் தனியாக நிறுத்தாதீர்கள். இரண்டாம் பகுதியையும் அதன் மேல் போல்ட் போட்டு மாட்டிவிடுங்கள். கால்களின் இடைவெளி மாறாமல் இருக்கும், தூக்குமட்டம் பார்க்க நீளமும் கிடைக்கும். மூன்று பக்கமும் மரச்சட்டத்தால் முட்டுக் கொடுத்து, 90 டிகிரி வித்தியாசமான இரண்டு திசைகளிலிருந்து தூக்குக்குண்டு வைத்துப் பாருங்கள். மீட்டருக்கு 1 மி.மீ. சாய்ந்தால் 20 மீட்டர் உயரத்தில் 20 மி.மீ. அது பரவாயில்லை. மீட்டருக்கு 5 மி.மீ. என்றால் உச்சி 10 செ.மீ. விலகும், தெருவில் போகிறவருக்கே தெரியும். கால்கள் மேல்நோக்கிக் குறுகும் டவரில் ரசமட்டத்தைக் காலின் மேல் வைக்காதீர்கள், கால் சாய்வாகத்தான் இருக்கும். மையத்திலிருந்து குண்டு விடுங்கள்.

கான்கிரீட்டில் பதித்த ஆங்கர் போல்ட்டும், அதன் மேல் உட்காரும் அடித்தட்டும் இன்னொரு முறை. இங்கே எல்லாமே வார்ப்புத் தட்டைப் பொறுத்தது, அதாவது ஊற்றும்போது போல்ட்டுகளை இடம் மாறாமல் பிடிக்கும் தட்டை. டவரின் அசல் அடித்தட்டையே மாதிரியாக வைத்து, 18 மி.மீ. பிளைவுட்டிலோ இரும்புத் தகட்டிலோ அதே துளைகள் போடுங்கள். போல்ட்டுகளை மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு என்று இரண்டு இடத்தில் பிடியுங்கள். மேலே மட்டும் பிடித்தால் கலவை விழும் வேகத்தில் அடி விலகி, போல்ட் சாய்ந்துவிடும். துளைக்கும் போல்ட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று மி.மீ. இளக்கம்தான் இருக்கும். சாய்ந்த போல்ட்டைச் சுத்தியலால் அடித்து நிமிர்த்துவதும், தட்டின் துளையைக் காஸ் வைத்து அகலப்படுத்துவதும் இணைப்பின் பலத்தைக் கெடுப்பவை. மரையில் கிரீஸ் தடவி டேப் சுற்றிவிடுங்கள். காய்ந்த கலவையை மரையிலிருந்து சுரண்டுவது ஒரு நாள் வேலை.

குழாய்களும் எர்த்தும்

கோஆக்ஸ் (ஆன்டெனாவின் சிக்னல் கேபிள்), ரோட்டர் கேபிள், எர்த் கம்பி ஒவ்வொன்றுக்கும் தனி பி.வி.சி. குழாயை அகன்ற வளைவோடு பதித்து, உள்ளே இழுகயிறு விட்டு, இரு முனையையும் மூடுங்கள். அலுமினியக் குழாய் வேண்டவே வேண்டாம். ஈரக் கான்கிரீட்டின் காரத்தோடு வினைபுரிந்து, உப்பிக் கான்கிரீட்டை வெடிக்க வைக்கும்.

மண்ணில் கிடக்கும் கான்கிரீட் எப்போதும் சற்று ஈரமாகவே இருப்பதால் மின்சாரத்தைக் கடத்தும். இதை 1940களில் அமெரிக்காவில் ஹெர்பர்ட் யூஃபர் வெடிமருந்துக் கிடங்குகளுக்காக ஆராய்ந்து காட்டினார். கம்பிக் கூட்டையே எர்த்தாகப் பயன்படுத்தும் முறைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. நம் கூட்டில் 180 மீட்டருக்கு மேல் கம்பி இருக்கிறது, அருமையான எர்த். அதைப் பயன்படுத்தக் கூட்டின் ஒரு கம்பியிலிருந்து முறையான கிளாம்ப் அல்லது வெல்டிங் மூலம் ஒரு முனையை வெளியே கொண்டு வந்து டவரோடு இணையுங்கள். கட்டுக்கம்பி போட்ட இணைப்பை மின்னலுக்கு நம்ப வேண்டாம். இது மட்டும் போதும் என்றும் விடாதீர்கள். ஒவ்வொரு காலுக்கும் ஒரு எர்த் ராடு, ராடின் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு தள்ளி அடித்து எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்க வேண்டும். செம்புக் கம்பியை கால்வனைஸ் காலில் நேராகத் தொடவிட்டால் துத்தநாகம் அரித்துப் போகும், நடுவே ஸ்டெயின்லெஸ் வாஷர் போடுங்கள்.

கலவை

கையால் கலப்பதானால் 1:1.5:3. ஒரு 50 கிலோ மூட்டை சிமென்ட் 35 லிட்டர். அதற்கு 52 லிட்டர் மணல், 105 லிட்டர் 20 மி.மீ. ஜல்லி, அதிகபட்சம் 25 லிட்டர் தண்ணீர். மணல் ஈரமாக இருந்தால் அந்தத் தண்ணீரும் இந்த 25க்குள் அடக்கம். ஒரு மூட்டைக்குச் சுமார் 125 லிட்டர் கான்கிரீட் வரும், கனமீட்டருக்கு 8 மூட்டை. நம் கட்டிக்கு 39 மூட்டை, சேதாரத்துக்கு மூன்று கூடுதல். ஒரு மூட்டைக் கலவை இயந்திரத்தில் தட்டுக்கு 5 நிமிடம் என்றாலும் மூன்றே கால் மணி நேரம், நடுவில் நிற்கவே கூடாது. ஒரு கனமீட்டருக்கு மேல் போனால் ரெடிமிக்ஸ் வாங்குவதுதான் விவேகம். 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் வலிமை, ஸ்லம்ப் (கலவையின் இளக்கத்தைக் காட்டும் அளவு) 75 முதல் 100 மி.மீ. என்று சொல்லி வாங்குங்கள். கணக்கை விடப் பத்து சதவீதம் கூட்டிச் சொல்லுங்கள். மிஞ்சினால் ஊற்ற இரண்டு சிறு சென்ட்ரிங் பெட்டிகளை வைத்திருங்கள், குறைந்தால் வழியே இல்லை.

வண்டி நிற்கும் இடத்தை முன்பே பாருங்கள். நிறைந்த வண்டி இருபது டன்னுக்கு மேல். குழியின் ஆழம் எவ்வளவோ அதைவிடக் கூடுதல் தூரத்தில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சுவரோடு உள்ளே வரும். வண்டியின் சரிவுத் தகரம் குழியை எட்டாவிட்டால் தள்ளுவண்டிதான். 60 லிட்டர் வீதம் 81 நடை. பலகைப் பாதை போட்டு, நாலு வண்டி, ஆறு ஆள் ஏற்பாடு செய்யுங்கள்.

ஊற்றும் நாள்

வெயில் ஊரில் விடியற்காலையில் தொடங்குங்கள். குளிர் 5 டிகிரிக்குக் கீழே போகும் என்றால் தள்ளிப் போடுங்கள். குழியில் நின்ற தண்ணீரை இறைத்துவிட்டு, சரிந்து விழுந்த மண்ணை அள்ளிவிட்டு, காய்ந்த சுவரில் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். காய்ந்த மண் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும். போல்ட் உயரம், தூக்குமட்டம், திசை, கவர், குழாய் முனை, எர்த் முனை எல்லாவற்றையும் இன்னொருவரை வைத்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். கூட்டைக் கட்டியவர் கண்ணுக்குத் தன் தவறு தெரியாது.

வண்டியோடு வந்தவர்கள் கலவை இறுக்கமாக இருக்கிறது, கொஞ்சம் தண்ணீர் விடலாமா என்று கேட்பார்கள். கனமீட்டருக்கு 5 லிட்டர் கூட்டினால் ஸ்லம்ப் 25 மி.மீ. ஏறும், வலிமையில் சுமார் ஒன்றரை நியூட்டன் இறங்கும். கணக்கில்லாமல் குழாயைத் திறந்துவிட்டால் 25 நியூட்டன் 18 ஆகிவிடும், பார்வைக்கு எந்த வித்தியாசமும் இருக்காது. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வழவழப்பு வேண்டுமென்றால், தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் கேட்டு வாங்குங்கள்.

ஒன்றரை மீட்டருக்கு மேல் உயரத்திலிருந்து கொட்டினால் ஜல்லி கீழேயும் பால் மேலேயுமாகப் பிரியும், தகரச் சரிவு வைத்து இறக்குங்கள். 30 முதல் 45 செ.மீ. அடுக்காகச் சுற்றிலும் சமமாகப் போடுங்கள். ஒரே பக்கம் கொட்டினால் கூடும் கால்களும் எதிர்ப்பக்கம் தள்ளப்படும். ஒவ்வொரு அடுக்குக்கும் வைப்ரேட்டர் ஊசியைச் செங்குத்தாக இறக்கி, முந்தைய அடுக்குக்குள் 10 செ.மீ. போக விட்டு, 5 முதல் 15 வினாடி வைத்து மெதுவாக இழுங்கள். எப்போது போதும் என்பதைக் கண்ணும் காதும் சொல்லும். முதலில் பெரிய குமிழிகள் பொத்துப் பொத்தென்று வெடிக்கும். பிறகு ஜல்லி ஒவ்வொன்றாக முங்கி மறையும். ஊசியைச் சுற்றி ஒரு முழம் அகலத்துக்குச் சிமென்ட் பால் படர்ந்து மினுமினுக்கும், மோட்டாரின் முனகலும் ஒரே சீராகிவிடும். அங்கே நிறுத்துங்கள். அதற்கு மேல் வைத்தால் ஜல்லி அடியில் உட்கார்ந்துவிடும். ஊசியால் கலவையைப் பக்கவாட்டில் தள்ளுவதும் இதே கெடுதலைச் செய்யும். வைப்ரேட்டர் எட்டாத மூலையிலும் கால்களைச் சுற்றியும் கம்பியால் குத்துங்கள், தேன்கூடு போல ஓட்டைகள் விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

ஒவ்வொரு அடுக்குக்குப் பிறகும் தூக்குமட்டம் பாருங்கள். முட்டுச் சட்டத்தில் ஆப்பு வைத்திருந்தால் அந்த நேரத்தில் சரிசெய்யலாம். மொத்தமும் ஒரே மூச்சில் முடிய வேண்டும். பாதியில் நின்று ஒரு அடுக்கு இறுகிவிட்டால் அடுத்தது ஒட்டாது, அந்தக் கோட்டில் தண்ணீர் புகும். இரண்டு வண்டி தேவையென்றால் இரண்டாவது கிளம்பிவிட்டதா என்று கேட்ட பிறகே முதலாவதைத் திறக்கச் சொல்லுங்கள்.

மேல்மட்டம் தரையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. உயர்ந்து, கால்களிலிருந்து வெளிப்பக்கம் தண்ணீர் வழியும்படி சரிவாக வர வேண்டும். கால் கான்கிரீட்டைச் சந்திக்கும் வளையத்தில்தான் ஈரமும் தூசியும் தங்கித் துத்தநாகத்தை முதலில் தின்னும். இறுகிய பிறகு அந்த இடத்தில் காலிலும் சுற்றியுள்ள கான்கிரீட்டிலும் நாலு விரல் அகலத்துக்குத் தார்ப்பூச்சு கொடுங்கள்.

ஆறவிடுதல்

கான்கிரீட் காய்வதால் இறுகுவதில்லை. சிமென்ட் தண்ணீரோடு வினைபுரிவதால் இறுகுகிறது. தண்ணீர் போனால் வினை நின்றுவிடும். மேற்பரப்பு விரல் பதியாத அளவுக்கு வந்ததும் ஈரச் சாக்கு போர்த்தி மேலே பிளாஸ்டிக் விரிப்புப் போடுங்கள், அல்லது சுற்றிலும் மண் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். குறைந்தது 7 நாள், வெயில் காய்ச்சினால் 10 நாளுக்கு மேல். மூன்றாம் நாளில் வலிமை சுமார் 40 சதவீதம், ஏழாம் நாளில் 65, முழு வலிமைக்கு 28 நாள். ஏழு நாள் ஆனபின் முட்டுச் சட்டத்தைப் பிரிக்கலாம். டவரை ஏற்றி ஆன்டெனா மாட்டுவது 28 நாள் கழித்து.

ஆங்கர் போல்ட் முறையில், தட்டுக்குக் கீழே உள்ள நட்டுகளால் மட்டம் பார்த்து, மேலே நட்டும் பூட்டு நட்டும் போட்டு இறுக்கிய பிறகு இடைவெளியைச் சுருங்காத கிரவுட் (சிமென்ட் சாந்து) கொண்டு நிரப்புங்கள். கால்களுக்குள் இறங்கும் தண்ணீர் வெளியேற ஒரு சிறு வழி விடுவதை அங்கேயும் மறக்காதீர்கள்.

ஸ்டே கம்பியின் நங்கூரம்

ஸ்டே கம்பி உள்ள டவரில் நடுக்கட்டி சிறிதாக இருக்கும், கீழ்நோக்கிய எடையைத் தாங்கினால் போதும். கவிழாமல் பிடிப்பது நங்கூரங்கள். அவை வழக்கமாக டவர் உயரத்தின் 80 சதவீதத் தூரத்தில், 120 டிகிரி இடைவெளியில் மூன்று. நங்கூரக் கட்டி மேலேயும் டவரை நோக்கியும் இழுக்கப்படும். அதனால் டவரைப் பார்க்கும் குழிச்சுவர் கலையாத மண்ணாக, செங்குத்தாக இருக்க வேண்டும். மண்ணை வெட்டி இறங்க வேண்டுமானால் பின்பக்கமாக இறங்குங்கள். ஸ்டே கம்பியை மாட்டும் இரும்புத் தண்டு வெளியே வர முன்சுவரில் குறுகிய பள்ளம் மட்டும் போடுங்கள். தண்டின் சாய்வு ஸ்டே கம்பியின் சாய்வோடு ஒரே கோட்டில் அமைய வேண்டும். இல்லாவிட்டால் காற்று வீசும் ஒவ்வொரு முறையும் தண்டு வளைந்து நிமிர்ந்து, கான்கிரீட் முனையில் விரிசல் காணும். மேலே மண்ணை 15 செ.மீ. அடுக்காகப் போட்டுத் திமிசு அடியுங்கள், அந்த மண்ணின் எடையும் நங்கூரத்தின் பலத்தில் சேர்த்தி.

இந்தத் தண்டு மண்ணுக்குள் போகும் இடத்துக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவிலுள்ள பகுதி வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. துரு அங்கேதான் தின்னும், குறிப்பாக உப்பு மண்ணிலும், செம்பு எர்த் ராடு பக்கத்தில் இருந்தாலும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை, ஸ்டே கம்பிக்குத் தற்காலிகமாக வேறு பிடிமானம் கொடுத்துவிட்டு, தண்டைச் சுற்றி ஒரு முழம் ஆழம் கையால் மண்ணை விலக்கி விட்டத்தை அளந்து பாருங்கள். மெலிந்திருந்தால் கம்பியை வேறு நங்கூரத்துக்கு மாற்றிவிட்டுப் புதிய கட்டி போட வேண்டும்.